உப்புக்காற்றில் ஒரு மோரிஸ் மைனர்: தரைக் கார்ப்பெட் மாற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி மோரிஸ் மைனர் 1000. 1956-இல் அறிமுகமான, 948 சிசி இன்ஜின் கொண்ட மாடல், நான்கு கதவு. உரிமையாளர் குளச்சலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய அப்பா மருத்துவர். மலையோரத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்து சொந்த நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் அவர் இதைப் பழைய வண்டியாக வாங்கினார் என்பது வீட்டில் சொல்லும் கதை. அப்பாவின் காலத்துக்குப் பிறகு வண்டி பெரும்பாலும் தகர ஷெட்டில்தான் நின்றது. ஷெட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு மட்டும்.

இன்ஜின், பிரேக் வேலைகளை நாகர்கோவிலில் ஒரு மெக்கானிக் முடித்துவிட்டார். தக்கலைப் பக்கம் நான் நடத்தும் பட்டறைக்கு வண்டி வந்தது உள்வேலைக்காக: சீட், கதவுப் பேட், தரைக் கார்ப்பெட். சீட்டையும் கதவுப் பேடையும் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றில் பெரிய குழப்பம் எதுவும் வரவில்லை. குழப்பமெல்லாம் காலடியில்தான்.

வண்டியை விட வந்த அன்றே சார் ஒரு அச்செடுத்த தாளை என்னிடம் நீட்டினார். இங்கிலாந்தில் இந்த வண்டிக்கென்றே வெட்டித் தைத்து விற்கிற ரெடிமேட் கார்ப்பெட் செட்டின் படம் அது. “இதையே வரவழைச்சுடலாமா?” என்று கேட்டார். முதலில் பழையதைக் கழற்றிப் பார்ப்போம் சார், அப்புறம் பேசலாம் என்றேன். அந்த ஒரு வாரம் தாமதித்தது பின்னால் நல்லதாகப் போயிற்று.

கழற்றியபோது கண்டது

மேலே இருந்தது சாம்பல் நிற நான்-ஓவன் துணி. டாக்ஸிகளுக்கு மொத்தமாகப் போடுவார்களே, அதே சரக்கு. தரை முழுக்க ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே, பின்பக்கத்தில் மட்டும், விளிம்பில் துணிப்பட்டி வைத்துத் தைத்த தேங்காய் நார்க் கயிற்று மேட். முன்பக்கத்தில் அந்த இடத்தில் சணல் ஃபெல்ட், நாரை அழுத்திச் செய்த அடிவிரிப்பு. ஒரு காலத்தில் ஃபெல்ட் என்று சொல்ல வேண்டும். கையில் எடுத்தபோது வடிகட்டிய தேயிலைச் சக்கை போல உதிர்ந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் மணல். இரண்டு கை அள்ளும் அளவு இருந்தது. பாதி சாதாரணக் கடல்மணல், பாதி கறுப்பு. மணவாளக்குறிச்சிப் பக்கம் கரையில் வரிவரியாகப் படியும் இல்மனைட் கலந்த கருமணலைப் பார்த்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்லித் தர வேண்டாம்.

தகட்டில் துரு எங்கெங்கே இருந்தது என்பதைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுத்துக்கொண்டோம். டிரைவர் காலடியில் விரல் நுழையும் ஓட்டை இரண்டு, இடப்பக்கம் ஒன்று. மூன்றும் ஃபெல்ட் கிடந்த இடத்தில். கயிற்று மேட் நேராகத் தகட்டின் மேல் கிடந்த பின்பக்கத்தில் பெயிண்ட் போயிருந்தது, மேல்துருவும் இருந்தது, ஆனால் தகடு கெட்டியாகவே இருந்தது. சுத்தியலால் தட்டினால் முன்பக்கம் சொத்தென்றது, பின்பக்கம் கணீர் என்றது. ஒரே வண்டி, ஒரே ஷெட், ஒரே காற்று. மேலே போட்ட சரக்குதான் வேறு. முன்பக்கம் மழையும் அதிகம் பட்டிருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் இந்த வித்தியாசம் என் மனதில் நின்றுவிட்டது.

இன்னொன்றும் பார்த்தோம். மைனரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் இன்ஜின் பக்கம் இல்லை; டிரைவர் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி, அங்கே இருக்கும் மூடியைக் கழற்றித்தான் பிரேக் ஆயில் பார்க்க வேண்டும். கார்ப்பெட்டை ஒட்டிவிட்டதால் யாரோ பிளேடால் சதுரமாக அறுத்து ஒரு ஜன்னல் வைத்திருந்தார்கள். அந்த ஜன்னலின் நான்கு ஓரமும் தண்ணீர் இறங்கும் வழியாகி, மூடியைச் சுற்றித்தான் துரு அதிகம். கியர்பாக்ஸை இறக்குவதென்றாலும் இந்த வண்டியில் உள்ளேயிருந்து தரைமூடித் தகட்டைக் கழற்ற வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிளை முறுக்கும் நட்டுகளும் உள்ளே, லீவரின் அடியில். ஆக, இந்த வண்டியின் கார்ப்பெட் ஒரு கதவு மாதிரி. அடிக்கடி திறந்து மூட வேண்டியது.

காயாத துணி

வண்டி வந்தது தை மாதம். மழை நின்று பல வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் கழற்றிய கார்ப்பெட் தொட்டால் சில்லென்று ஈரமாக இருந்தது. எங்கேயோ ஒழுகுகிறது என்று சார் உறுதியாகச் சொன்னார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

சந்தேகம் வந்து ஒரு காரியம் செய்தோம். சாம்பல் துணியிலிருந்து கைக்குட்டை அளவில் இரண்டு துண்டு வெட்டினோம். ஒன்றைக் கிணற்று நீரில் நான்கு முறை அலசினோம், மற்றதை அப்படியே விட்டோம். இரண்டையும் நாள் முழுக்க வெயிலில் காயப் போட்டு, ராத்திரி திண்ணையில் செய்தித்தாளின் மேல் வைத்துவிட்டுப் போனோம். காலையில் அலசிய துண்டின் அடியில் தாள் மொறுமொறுப்பாகவே இருந்தது. அலசாத துண்டின் அடியில் தாள் நமுத்து, எழுத்து மறுபக்கம் தெரிந்தது.

காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு மரவையில் நடப்பது இதுதான். கடலோரத்தில் ராத்திரிக் காற்று அந்த அளவைத் தாண்டாத நாள் குறைவு. செருப்போடு வந்த மணலிலும், திறந்த ஜன்னல் வழியாக வந்த காற்றிலும் வருடக்கணக்கில் சேர்ந்த உப்பு அந்தத் துணியை ராத்திரி நனைத்து, பகலில் அரைகுறையாகக் காயவிட்டு, மறுபடி நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒழுகல் இருந்ததா என்றால் அதுவும் இருந்தது, அது பின்னால் வரும். ஒரு சொட்டு ஒழுகாவிட்டாலும் இந்தத் தரை துருப்பிடித்திருக்கும் என்பதுதான் என் கணிப்பு.

அதுவரை எங்கள் பேச்சு முழுக்க எந்த நிறம், எது ஒரிஜினல் என்பதைச் சுற்றியே இருந்தது. அந்தக் காலையிலிருந்து கேள்வி மாறியது: எதை எளிதாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, சீக்கிரம் காயவைத்து, திரும்ப மாட்ட முடியும்?

நிறம் பற்றி இரண்டு நினைவுகள்

நிறத்தை அப்படியே விட்டுவிட முடியவில்லை. சாருக்கு நினைவில் இருந்தது காப்பித்தூள் நிறம். “சின்ன வயசுல பின்சீட்டுல உட்கார்ந்து அதையே பார்த்துக்கிட்டு வருவேன்” என்றார். ஆனால் முன்சீட்டு நகரும் தண்டவாளத்தைக் கழற்றியபோது அதன் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கார்ப்பெட் கீற்று நசுங்கிக் கிடந்தது. வெளிச்சமே படாத இடம். நிறம் நல்ல மெரூன், சீட்டுத் தோலின் நிறத்துக்குப் பொருத்தமாக.

அதிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். முடி கருகிய வாடை; எரிந்த நுனியை விரலால் நசுக்கினால் பொடியானது. கம்பளி. நைலானாக இருந்தால் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். அடித்துணி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்தது, அது சணல். தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வந்த கார்ப்பெட் இதுதான் என்று எடுத்துக்கொண்டோம்.

அப்படியானால் காப்பித்தூள் நிறம்? சாரின் மூத்த சகோதரி ஒரு நாள் பட்டறைக்கு வந்தவர் அதைத் தீர்த்து வைத்தார். “அது கயித்து மேட்டுல்லா மக்கா. அப்பா செருப்பக் கழத்திட்டு ஏறச் சொல்லுவாரு. காலெல்லாம் குத்தும்.” கம்பளிக் கார்ப்பெட் சீக்கிரமே போய், அப்பாவே ஊர்க் கயிற்று மேட்டை வெட்டிப் போட்டிருக்கிறார். சார் பார்த்து வளர்ந்தது அதைத்தான். ஒரு வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதென்றால் எந்த வருடத்து நிலைக்கு என்ற கேள்வி இருக்கிறது. பெயிண்டில் அது யாருக்கும் தோன்றுவதில்லை, காலடியில் தோன்றிவிட்டது.

முன்னால் இருந்த வழிகள்

இங்கிலாந்து செட்டை வரவழைப்பது முதல் வழி. நல்ல தையல், சரியான வடிவம். ஆனால் அந்த வடிவம் தொழிற்சாலைத் தரைக்கு ஏற்றது. இந்த வண்டியில் முன்பு யாரோ ஒட்டுப்போட்ட தகடு மட்டமாக இருந்தது, ஒரிஜினல் மேடுபள்ளங்கள் இல்லை. எங்கள் டிங்கர் இப்போது போட்ட ஒட்டும் கொஞ்சம் வேறுதான். சரக்குக் கூலியும் சுங்கமும் கட்டி வரவழைத்து, பிறகு அதையே வெட்டி ஒட்டுவதில் எனக்கு மனமில்லை.

கம்பளியையே இங்கே வாங்கி வெட்டித் தைப்பது இரண்டாவது. அழகு என்று பார்த்தால் இதற்கு நிகரில்லை. ஆனால் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொடுவதற்கு நனைந்த மாதிரி இருக்காது. வீட்டில் அது நல்ல குணம். துருப்பிடிக்கும் தகட்டின் மேல் அது ஏமாற்று வேலை. பூச்சி அரிப்பும் உண்டு.

மூன்றாவது நைலான் லூப். நூல் வளைய வளையமாக நிற்கும், தூரத்திலிருந்து பழைய கார்ப்பெட்டின் தோற்றம் வரும். நைலானும் கொஞ்சம் ஈரம் இழுக்கும், ஆனால் கம்பளியின் பக்கத்தில் வராது. நான்காவது பாலிப்ரொப்பிலீன். இழை தண்ணீரே குடிக்காது, விலையும் குறைவு. குதிகால் படும் இடத்தில் நசுங்கினால் எழுந்திருக்காது என்பது அதன் குறை. ஐந்தாவது, அக்கா சொன்ன கயிறு.

சோதனைப் பலகை

ஒரு பழைய பலாப் பலகையில் கம்பளி, நைலான், பாலிப்ரொப்பிலீன், கயிறு என்று நான்கு சாம்பிளையும் வரிசையாக ஆணி அடித்தோம். பட்டறைப் பையன் குளச்சலிலிருந்து ஒரு கேன் கடல்நீர் கொண்டுவந்தான். எல்லாவற்றையும் நனைத்து, ஒவ்வொன்றின் கீழ்ப்பாதியை மட்டும் நல்ல தண்ணீரில் அலசி, ஷெட்டின் நிழலில் சாய்த்து வைத்தோம்.

அலசிய பகுதிகளில் கயிறும் பாலிப்ரொப்பிலீனும் மறுநாள் மதியத்துக்குள் காய்ந்தன. நைலான் அன்று சாயங்காலம். கம்பளி மூன்றாம் நாளும் அடிப்பக்கம் ஈரம்; நனைந்த ஆட்டு வாடை வேறு. அலசாத மேல்பாதி நான்கிலுமே ஒரு வாரம் கழித்தும் காலையில் பிசுபிசுத்தது. ஆக, எந்தச் சரக்காக இருந்தாலும் அலச முடியாவிட்டால் பயனில்லை. இழையைத் தேர்ந்தெடுப்பது அதற்கு அடுத்த விஷயம்தான்.

கயிறு ஒரு வேலை காட்டியது. அதிலிருந்து வடிந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது, பலகையில் கறையும் விட்டது. வெளிர் நிறத் துணியோடு அதைச் சேர்க்கக் கூடாது என்று குறித்துக்கொண்டோம்.

நைலானில் சாயச் சோதனையும் செய்தோம். நனைத்த வெள்ளை வேட்டித் துணியை மெரூன் சாம்பிளின் மேல் இருபது முறை தேய்த்தால் முதல் சாம்பிள் துணியை ரோஸ் ஆக்கிவிட்டது. அதை ஒதுக்கினோம். இரண்டாவது, நூல் இழுக்கும்போதே நிறம் கலந்து செய்த வகை. துணி வெள்ளையாகவே இருந்தது. கடை விளக்கில் இரண்டும் ஒரே நிறம்தான். வெயிலில் சீட்டின் மேல் வைத்துப் பார்த்தபோதுதான் முதல் சாம்பிள் ஊதாப் பக்கம் சாய்வது தெரிந்தது.

முடிவு

தரைக்கு மெரூன் நைலான் லூப், தனித்தனித் துண்டாக, ஒட்டாமல், டிக் பட்டனில். அதன் மேல் பின்பக்கத்திலும் முன் இடப்பக்கத்திலும் தனியாகக் கயிற்று மேட். டிரைவர் பக்கம் மேட் கிடையாது. பெடலுக்குக் கீழே நகரக்கூடிய எதையும் போடுவதில்லை என்பது என் பட்டறை விதி. மேட் சுருண்டு பெடலின் அடியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

கயிற்று மேட்டை ஈத்தாமொழிப் பக்கம் ஒரு தறியில் சொல்லி வாங்கினோம். அந்த ஊர் நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே உண்டு. அடியில் ரப்பர் பால் பூசித் தரட்டுமா, நகராமல் இருக்கும் என்றார்கள். வேண்டாம் என்றோம். ரப்பர் பூசினால் தண்ணீர் கீழே இறங்காது, மேட்டும் அடிப்பக்கம் காயாது. பழைய ஜெர்மன் கார்களிலும் தேங்காய் நார் மேட் போடுவார்கள், ஆகவே இதை நாட்டுப்புறச் சமாளிப்பு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம் என்று சாரிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவே இல்லை. உண்மையில் மெரூனைவிட மேட்டில்தான் அவருக்கு மகிழ்ச்சி.

வெட்டியதும் தைத்ததும்

பழைய துணியை அளவாக வைத்து வெட்டவில்லை, அது சுருங்கியிருந்தது. பிரவுன் பேப்பரைத் தரையில் விரித்து, மடிப்புகளில் விரலால் அழுத்தி, 11 துண்டுக்கு மாதிரி எடுத்தோம். ஒவ்வொரு பேப்பரிலும் வண்டியின் முன்பக்கம் நோக்கி ஓர் அம்புக்குறி. இழை சாயும் திசை துண்டுக்குத் துண்டு மாறினால் ஒரே துணியே இரண்டு நிறமாகத் தெரியும். துணியை அம்புக்கு ஏற்ப அடுக்கும்போது வீணாவது கூடுதல்தான். 2 மீட்டர் அகல ரோலில் 3 மீட்டர் வாங்கியிருந்தேன், கொஞ்சம் மிஞ்சும் என்ற கணக்கில்.

அந்த மிச்சத்தை நானே காலி செய்தேன். சீட்டு போல்ட்டுக்கு ஓட்டை போட வேண்டும். பொறுமையில்லாமல் டிரில்லரைத் துணியின் மேலேயே வைத்து அழுத்தினேன். பிட்டில் ஒரு நூல் சுற்றிக்கொண்டது. அவ்வளவுதான், அந்த ஒரு வரிசை வளையம் முழுக்க, சீட்டிலிருந்து முன் விளிம்பு வரை, உழவுச்சால் போட்ட மாதிரி கோடாகக் கழன்று வந்தது. லூப் கார்ப்பெட்டில் டிரில் விடக் கூடாது என்பது எனக்குத் தெரியாததில்லை. டிரைவர் பக்கத்துப் பெரிய துண்டை மறுபடி வெட்டினோம். மற்ற ஓட்டைகளைச் சூடான கம்பியால் குத்தினோம். நைலான் உருகி விளிம்பு தானே கட்டிக்கொள்ளும்.

விளிம்புகளுக்கு ரெக்ஸின் பட்டி, குதிகால் படும் இடத்தில் கறுப்பு ரெக்ஸின் திட்டு. மாஸ்டர் சிலிண்டர் மூடிக்கு மேலே தனித் துண்டு, இரண்டு பட்டனைப் பிரித்தால் கையோடு வரும். கியர் லீவர் துளையிலிருந்து பின்பக்கமாக ஒரு கீறல், அடியில் பட்டியோடு. குமிழைக் கழற்றாமலே துண்டை எடுக்கலாம். பட்டன்கள் பித்தளை. தகட்டில் போட்ட ஒவ்வொரு பட்டன் துளையும் நாளைக்கு ஒரு துருப்புள்ளிதான் என்பதால், துளைக்குள் ப்ரைமர் தொட்டு வைத்து, சீலன்ட் போட்டே முறுக்கினோம்.

கார்ப்பெட்டுக்கு முன்பே ஹோஸ் பைப் சோதனையும் செய்திருந்தோம். பையன் டார்ச்சோடு உள்ளே, நான் வெளியே இருபது நிமிடம் தண்ணீர். முன்கண்ணாடி ரப்பரின் கீழ்மூலையில் ஒன்று, இன்ஜின் பக்கத் தடுப்புத் தகட்டில் ஒயர் நுழையும் ரப்பர் வளையத்தில் ஒன்று என இரண்டு ஒழுகல் கிடைத்தன. இரண்டையும் அடைத்தோம்.

அடிவிரிப்பில்தான் தவறு செய்தேன். பின்பக்கத்துக்கும் கியர்பாக்ஸின் மேல் மேடாக இருக்கும் பகுதிக்கும் தண்ணீர் உறிஞ்சாத மூடிய குமிழ் ஃபோம் போட்டோம், 5 மி.மீ. முன்பக்கம் சத்தம் அதிகம் வருகிறது என்று சார் சொன்னார். என்னிடம் புது சணல் ஃபெல்ட் மிச்சம் இருந்தது. ஒழுகல்தான் அடைத்தாகிவிட்டதே என்ற தைரியத்தில் அதைப் போட்டேன். தேயிலைச் சக்கையாக உதிர்ந்த பழைய ஃபெல்ட்டைக் கையால் அள்ளிக் கொட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

குமாரகோவில் ஏற்றம்

சித்திரையில் வண்டியைக் கொடுப்பதற்கு முன் குமாரகோவில் வரை ஓட்டிப் பார்த்தோம். சமதளத்தில் குறையில்லை. ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட எடுத்த கையைக் கீழே வைத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரைக் கையால் அழுத்திப் பார்த்தேன். பெடல் தரையைத் தொடவில்லை. கார்ப்பெட்டைத் தொட்டு நின்றது. ஃபெல்ட், கார்ப்பெட், ரெக்ஸின் திட்டு மூன்றும் சேர்ந்து ஒன்றரை செ.மீ. உயரம். அந்த அளவுக்குக் கார்புரேட்டர் திறக்காமல் நின்றிருக்கிறது.

பெடலுக்கு அடியில் உள்ளங்கை அளவுக்கு ஃபெல்ட்டை வெட்டி எடுத்தோம், ரெக்ஸின் திட்டையும் ஒரு அங்குலம் பின்னால் நகர்த்தித் தைத்தோம். சரியானது. அன்றைக்கே ஃபெல்ட்டை முழுதாக எடுத்திருக்கலாம். செய்யவில்லை.

ஆனி மழை

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கி இரண்டாம் வாரம் சார் போன் செய்தார். திங்கள்நகர் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் ஓட்டி வந்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் பார்க்கும்படி மெக்கானிக் சொல்லியிருந்ததால் மறுநாள் காலையில் பட்டனைப் பிரித்துத் தூக்கியிருக்கிறார். “மேலே ஒண்ணும் தெரியல தம்பி. அடியில பிழிஞ்சா சொட்டுது.”

வந்து பார்த்தால், மைனரில் கிளட்ச், பிரேக் பெடல் தண்டுகள் தரைத்தகட்டைத் துளைத்துக்கொண்டு மேலே வருகின்றன. அந்தத் துளைகளின் ரப்பர் உறை காய்ந்து வெடித்திருந்தது. டயர் அடிக்கும் தண்ணீர் கீழேயிருந்து அந்த வழியாக மேலே தெறித்திருக்கிறது. நாங்கள் ஹோஸ் பிடித்தது மேலேயிருந்து மட்டும். கார்ப்பெட் போடும்போது அந்த ரப்பரை நான் பார்த்தேன், அது மெக்கானிக் வேலை என்று விட்டுவிட்டேன்.

நைலான் துண்டுகளைக் கழற்றி, கிணற்றடியில் அலசிக் கொடியில் போட்டோம். மழை விட்ட இடைவெளியில் இரண்டு நாளில் காய்ந்துவிட்டன. கழற்ற ஆன நேரம் பத்து நிமிடம். ஃபெல்ட்டை அடுப்படியில் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டும் ஒரு வாரத்துக்கு மேல் ஈரம் போகவில்லை. தூக்கி எறிந்தோம். முன்பக்கமும் அதே 5 மி.மீ. ஃபோம் போட்டு, பெடல் துளைகளுக்குப் புது ரப்பர் உறை வெட்டி மாட்டினோம். தகட்டில் பெயிண்ட் அப்படியே இருந்தது; ஒரே நாளில் கண்டுபிடித்ததால்தான். ஒட்டியிருந்தால் அடுத்த தைக்குத்தான் தெரிந்திருக்கும், அப்போது மறுபடி டிங்கர் வந்திருப்பார்.

சத்தம் கொஞ்சம் கூடியது என்று சார் சொன்னார். உண்மைதான், கூடியது.

ஐப்பசிக்குப் பிறகு

வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழியில் எல்லாத் துண்டையும் கழற்றிப் பார்த்தோம். முன்பக்கம் உலர்ந்திருந்தது. பின்பக்கம் கயிற்று மேட்டின் அடியில் மணல் இறங்கி நைலானின் மேல் கிடந்தது. இழையின் அடிக்குப் போவதற்குள் தட்டிவிட முடிந்தது. மணல் இழையின் அடியில் தங்கினால் ஒவ்வொரு மிதியிலும் அரம் மாதிரி இழையை அறுக்கும், அதைத் தடுத்தவரை கயிறு தன் வேலையைச் செய்திருக்கிறது. மேட்டின் சாயம் மெரூனில் இரண்டு இடத்தில் இறங்கியிருந்தது. தேடினால் தெரியும்.

ஹெட்லைட்டைத் தாழ்த்தக் காலால் அமுக்கும் டிப் ஸ்விட்சைச் சுற்றி மட்டும் துணி சுருங்கி, ஸ்விட்ச் அமுங்கிய நிலையில் மாட்டியிருக்கிறது. துளையைப் பெரிதாக்கி ஒரு பித்தளை வளையம் போட்டோம்.

மேட் பிடித்ததா என்று அக்காவிடம் கேட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக் காலை ஒரு தரம் தேய்த்துப் பார்த்தார். “குத்துது” என்றார். இறங்கவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

கழற்றிய சரக்கின் உப்பை முதல் நாளே சோதிப்பேன். உரிமையாளர் நிறம் பேசத் தொடங்குவதற்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும். ஒழுகல் சோதனையில் மேலேயிருந்து ஹோஸ் பிடிப்பதோடு, வண்டியைத் தேங்கிய தண்ணீரில் இரண்டு தரம் ஓட்டி, தரை வெறுமையாக இருக்கும்போதே பார்ப்பேன். சணல் ஃபெல்ட் இப்போது என் பட்டறையில் சீட்டுக்கு மட்டும். அடிவிரிப்பும் கார்ப்பெட்டும் சேர்ந்த உயரத்தை வெட்டுவதற்கு முன்பே பெடலுக்கு அடியில் அடுக்கி வைத்து, ஒருவர் முழுதாக மிதிக்க, இன்னொருவர் கார்புரேட்டர் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

துணி அரை மீட்டர் கூடுதலாக வாங்குவேன். ஆனியில் பெடல் துளை வேலையின்போது டிரைவர் பக்கத்துத் துண்டின் ஓரம் கிழிந்து, அதை மறுபடி வெட்ட வேண்டி வந்தது. மிச்சம் இருந்ததை டிரில்லரில் ஏற்கெனவே தொலைத்திருந்தேன். அதே கடையில், அதே எண் சொல்லி வாங்கிய துணி அடுத்த சாயத்தொகுதியில் வந்தது. டிரைவர் பக்கத்துத் துண்டு இப்போது மற்றவற்றைவிட ஒரு பிடி கறுப்பு. வெயிலில் கதவைத் திறந்தால் தெரிகிறது; மழை நாளில் தெரியவில்லை.